லின் அக்காவின் கீரையில் பிழை இல்லை

லின் அக்கா செத்துப்போன செய்தி முதலில் எங்கள் வீட்டு வாசல் மணிக்குத்தான் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு.

என் மகன் ஜூட் கனடாவில் மார்க்கம் நகரத்தில் இந்த வீட்டை வாங்கியபோது வாசல் மணியில் ஒரு கமராவும் பூட்டினான். யாராவது மணியை அமத்தினால் வேலையிடத்தில் இருக்கிற அவனுடைய போனில் ஆளின் முகம் தெரியும். அங்கே இருந்தபடியே ஆளோடு கதைப்பான். நான் உள்ளே நின்றாலும் கதவைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். அன்று காலை பத்து மணி இருக்கும். மணி அடித்தது. உடனே என் போனும் அடித்தது.

“அம்மா, திறக்காதேங்கோ. பக்கத்து வீட்டுப் பெட்டை நிக்கிறா. நான் என்னெண்டு கேக்கிறன்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே லின் அக்காவின் மகள் ஜெனி. அவளுக்கும் எனக்கும் இடையில் ஒரு பலகைக் கதவு. மணிக்குள்ளிருந்து என் மகனின் குரல் இங்கிலீசில் என்ன வேண்டும் என்று கேட்டது. அவள் அந்த மணியைப் பார்த்துத் தன் தாய் விடியற்காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டா என்று சொன்னாள். எனக்கு இங்கிலீசு கொஞ்சம்தான் தெரியும். அந்தச் சொல் தெரியும். “சொறி ரு ஹியர்” என்று மணி அனுதாபம் சொன்னது. அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. நான் பூட்டில் கையை வைத்தபடி நின்றேன். திறக்கவில்லை.

எங்கள் தமிழ் முதியோர் புதன்கிழமைக் கூட்டத்து மலரில் லின் அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் வரவேண்டும் என்று புஷ்பம் அக்கா போனில் சொன்னார். “நீர்தானே பக்கத்து வீடு. நீரே எழுதும் றெஜினா” என்றார். நான் மன்னாரில் எட்டாம் வகுப்போடு நின்றவள். பேரப்பிள்ளையின் பழைய கொப்பியில் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். மற்றது எதையும் திருத்த வேண்டாம்.

லின் அக்காவை நான் முதன்முதலாகக் கண்டது எங்கள் வீட்டுப் புல்லுக்குள். நாங்கள் குடிவந்த முதல் வசந்தகாலம். புல்லெல்லாம் மஞ்சள் பூவாய் டன்டிலையன் முளைத்துக் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரர் என்ன நினைப்பார்களோ என்று ஜூட்டுக்கு வெட்கம். சனிக்கிழமை காலை புல்லுக்கு அடிக்கிற மருந்தோடு வெளியே போனான். போனவன் உடனே திரும்பி வந்தான்.

“அம்மா, உந்த மனுசி எங்கட புல்லுக்குள்ள என்ன தேடுறா?”

தொப்பி போட்ட ஒரு சீனத்து மனுசி முழங்காலில் இருந்து, சின்னக் கத்தியால் டன்டிலையனை வேரோடு கிளப்பிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஜூட்டின் கையில் இருந்த மருந்தைக் கண்டதும் எழும்பி இரண்டு கையையும் விரித்து மறித்தார். “நோ! நோ ஸ்பிறே! பூட்! பூட்!” என்றார். புல்லைக் காட்டினார், வாயைக் காட்டினார், பிறகு வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, “லிவர்!” என்றார். ஜூட் என்னைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். நாங்கள் வெட்கப்பட்ட களையை அந்த மனுசி சாப்பிடப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் எங்கள் புல் வடிவாகிவிட்டது.

அடுத்த நாள் பின்வேலிக்கு மேலால் ஒரு கை வந்தது. அதில் கழுவிக் காயவைத்த பால் பை, அதற்குள் அவித்துப் பிழிந்த கீரை. நானும் பால் பைகளைக் கழுவி வைக்கிறவள். மருமகளுக்கு அது பிடிக்காது. வேலிக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி பால் பை கழுவுகிறாள் என்று கண்டபோது எனக்கு ஒரு சொந்தம் கிடைத்த மாதிரி இருந்தது.

வேலியில் ஒரு பலகை கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் முகம் தெரியும். அதுதான் எங்கள் யன்னல். லின் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஜெனியின் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர். நான் ஜூட்டின் பிள்ளைகளையும் என் மனுசனையும் பார்க்கிறவள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீசில் கதைத்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

அவருடைய பின்வளவில் புல் இல்லை, முழுக்கக் கீரை. அதில் பாதி எனக்குத் தெரிந்த சாதி. கங்குன் இருந்தது, பசளி இருந்தது, சிவப்பு நரம்போடிய முளைக்கீரை இருந்தது. அவர் ஒரு பெயர் சொல்லுவார், நான் ஒரு பெயர் சொல்லுவேன், இலை ஒன்றுதான். தெரியாததும் இருந்தது. செவ்வந்தி வாசம் அடிக்கிற ஒரு இலை. சின்னச் சிவப்புப் பழம் காய்க்கிற ஒரு முள்ளுச் செடி. அதன் இலையை முட்டையோடு சூப் வைத்தால் கண்ணுக்கு நல்லதாம். கண்ணும் ஈரலும் சொந்தக்காரராம்.

ஈரலைப் பற்றி லின் அக்கா கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவர்களுடைய வைத்தியத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காலம், ஒரு நிறம், ஒரு குணம் இருக்கிறது. ஈரலுக்கு வசந்தகாலம், பச்சை நிறம், குணம் கோபம். குளிர்காலம் முழுக்க ஒடுங்கிக் கிடந்த ஈரல் வசந்தத்தில் மரம் மாதிரித் துளிர்க்கப் பார்க்குமாம். அந்த நேரம் பச்சை இலை கொடுக்கவேண்டும். கைப்பு இலை சூட்டை எடுக்கும். பச்சையாய்த் தின்னக்கூடாது, கொதிநீரில் ஒரு தரம் முக்கி எடுக்கவேண்டும். கங்குன் குளிர்ச்சி, வயிறு பலமில்லாதவர்கள் இஞ்சி போடவேண்டும். இந்தச் சூடு, குளிர்ச்சிக் கதை எனக்குப் புதிதில்லை. செங்கமாரிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துப் பிழைத்தவள் நான். அதனால்தான் ஒரு கேள்வியும் கேளாமல் நம்பினேன்.

ஒருநாள் பலகையைத் தள்ளி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு விரலால் தன் கீழ் இமையை இழுத்துக் காட்டி, என்னையும் அப்படிச் செய்யச் சொன்னார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். றெஜினா அவர் வாயில் ஜீனா.

“ஜீனா. ஹஸ்பென்ட் லிவர், நொட் ஸோ பாட். யுவர் லிவர் பாட்.”

“எனக்கோ? நான் குடிக்கிறதில்லையே” என்றேன், தமிழிலேயே.

“லிவர் இஸ் ட்றீ. யூ லொக் த ட்றீ, ட்றீ கெட் அங்க்றி.”

மரத்தைப் பூட்டி வைத்தால் மரத்துக்குக் கோபம் வரும். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் நான் ஏன் அழுகிறேன் என்று கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் பூட்டின மரம்தான்.

எங்கள் வீட்டைப் பற்றி உங்களில் சிலர் “ராணி மாதிரி இருக்கிறீர்” என்று சொல்லுவீர்கள். வீடு பெரிது, உண்மை. அந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் சுவரில் இருக்கிற ஒரு பெண்குரல் கத்திச் சொல்லும். முன்கதவு திறந்தால் “பிறன்ட் டோர் ஓப்பின்.” பின்கதவு திறந்தால் “பாக் டோர் ஓப்பின்.” உடனே முன்னறைக் கதிரையிலிருந்து என் மனுசன், இவர், கேட்பார்.

“எங்க போறாய்?”

“குப்பை போட.”

“குப்பைக்கு இவ்வளவு நேரமோ?”

“குப்பையோட கதைச்சுப்போட்டு வாறன், சும்மா இருங்கோ.”

பஸ் நிற்கிற இடத்துக்கு இருபது நிமிசம் நடக்கவேண்டும். பனியில் நாற்பது. கார் ஓடத் தெரியாது. புதன்கிழமை மட்டும் மருமகள் வீட்டிலிருந்து வேலை செய்வாள். அன்றைக்கு இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். என்னையும் லின் அக்காவையும் கூட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அவரை அங்கே கூட்டி வந்தது நான்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாவது கிழமையே ஆளுக்கொரு பால் பையில் கீரை கொண்டுவந்தார். புஷ்பம் அக்கா கங்குனுக்குத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, குறட்டை விட்டுக் காட்டினார். “லிவர் ஸ்லீப்பிங்!” என்றார். தேங்காய் பட்டதும் ஈரல் நித்திரையாய்ப் போய்விட்டதாம். புஷ்பம் அக்கா, “எடியே, உவவுக்கு வாய் இருக்குது” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார் லின் அக்கா.

இனி எழுதப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இவருக்கு ஈரலில் கொழுப்பு. குடியை விட்டு எட்டு வருசம், ஆனாலும் ஈரல் இறுகத் தொடங்குகிறது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதோடு இருதயம் தாளம் தப்பித் துடிக்கிற வருத்தம். அதற்கு இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை. அந்தக் குளிசை எடுக்கிறவர்கள் பச்சைக் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. கீரை கூடினால் குளிசை வேலை செய்யாது, இரத்தம் கட்டும். ஆஸ்பத்திரி தந்த கடதாசியைப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டு ஜூட் எனக்குத் தமிழில் சொல்லித் தந்தான். எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும். சாப்பாட்டுச் சாமான் எப்படி ஒரு குளிசையோடு சண்டை பிடிக்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

இவருக்குக் கொடுக்கக் கீரை வேண்டும் என்று லின் அக்காவிடம் கேட்ட அன்றே அவர் கேட்டார், “ஹீ டேக் அதர் மெடிசின்?” வேறு மருந்து எடுக்கிறாரா என்று. நான் இல்லை என்றேன். ஓம் என்றால் தரமாட்டார் என்று தெரியும். கொஞ்ச நாள் போக இன்னொரு தரம் கேட்டார். இல்லை. மூன்றாம் தரம் பலகைக்குள்ளால் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இருதயம், இரத்தம், சீனி என்று விரல் விட்டு ஒவ்வொன்றாய்க் கேட்டார். நான் ஒவ்வொரு விரலுக்கும் “நோ” என்றேன்.

“ஓகே. டொக்டர் மெடிசின் பர்ஸ்ற். கிறீன் செக்கன்ட். ஸ்மோல் போல். எவ்றி டே, சேம் போல்.”

முதலில் டொக்டரின் மருந்து, பிறகுதான் கீரை. சின்னக் கோப்பை, ஒவ்வொரு நாளும் அதே கோப்பை. நான் மூன்று கோப்பை கொடுத்தேன். காலையில் சூப், மத்தியானம் வறை, பின்னேரம் திரும்பவும் சூப். ஒரு கோப்பை ஒரு வருசத்தில் செய்வதை மூன்று கோப்பை நாலு மாதத்தில் செய்யும் என்று கணக்குப் போட்டேன். இவர், “என்ன, என்னை மாடெண்டு நினைச்சியோ?” என்று புறுபுறுத்தபடி சாப்பிட்டார்.

இதைவிட மோசம் ஒன்று செய்தேன். குளிசை சரியாய் வேலை செய்கிறதா என்று பார்க்க இவருக்கு மாதத்தில் ஒருநாள் இரத்தம் எடுப்பார்கள். அந்த நாளுக்கு ஒரு கிழமை முன்னம் கீரையை நிற்பாட்டிவிடுவேன். இரத்தம் சரியாய்க் காட்டும். ஜூட் சந்தோசப்படுவான். வீட்டுக்கு வந்ததும் தாச்சியை அடுப்பில் வைப்பேன். வருத்தக்காரருக்கு மருந்து கொடுத்து டொக்டரையும் ஏமாற்றுகிற பெரிய கெட்டிக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், இவர் சுகப்பட்டால் நான் அந்தக் கதிரையடியிலிருந்து எழும்பலாம். அதுதான். அன்பு என்று சொன்னால் பாதி உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவருடைய வாயின் ஒரு பக்கத்தால் சோறு வழிந்தது. துடைக்கச் சொன்னேன். கை எழும்பவில்லை. ஏதோ சொன்னார், சொல் குழைந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிய பிறகுதான் வாய் நேரானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, “என்ன எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?” என்று கேட்டார். இரத்தம் நன்றாய்த் தடித்துப்போயிருக்கிறது, குளிசை சரியாய் எடுத்தாரா, என்ன சாப்பிட்டார் என்று டொக்டர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஜூட் வீட்டுக்கு வந்து பிரீசரைத் திறந்தான். உள்ளே வரிசையாய்ப் பால் பைகள், எல்லாம் பச்சை.

“உது ஆர் தந்தது?”

“லின் அக்கா.”

அவன் கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது சரியான பதில். அந்த இடத்தில் இன்னும் நாலு சொல் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் இவருடைய சாப்பாடும் குளிசையும் என் கையில் இருந்து போய்விடும். பராமரிக்க ஒரு ஆளை எடுப்பார்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான். அது போனால் நான் யார்? எந்த அறையில் போய் இருப்பேன்?

அவன் என்னையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். லின் அக்கா தனிய நின்றார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஜூட் கத்தவில்லை. மெல்லிய குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு இங்கிலீசில் கதைத்தான். எனக்கு விளங்கியது பிளட், ஸ்ட்றோக், மை டாட். யாரிடமும் கேளாமல் இப்படிக் கண்டதையும் கொடுக்க நீ யார் என்ற மாதிரி ஒன்று. லின் அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் அவர்கள் வாசலில் வரிசையாய்க் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன்.

பிறகு தலையைக் குனிந்து அவர் சொன்னார்.

“சொறி. மை மிஸ்ரேக். ஐ டிட் நொட் ஆஸ்க்.”

என் பிழை. நான் கேட்கவில்லை. மூன்று தரம் கேட்டவர், விரல் விட்டுக் கேட்டவர், கேட்கவில்லை என்று சொன்னார். ஜூட்டுக்குக் கோபம் அடங்கிவிட்டது. வரும்போது, “பாவம், வயசான மனுசி. தெரியாமச் செய்திட்டா” என்றான். பின்னேரமே வேலிப் பலகைக்கு நாலு ஆணி அடித்தான்.

புஷ்பம் அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் எடுத்தீர்கள். “கேள்விப்பட்டன். உந்தச் சைனீஸ் மனுசியின்ர கீரையாலையாமே?” என்று கேட்டீர்கள். நான் “ஓம்” என்றேன். அந்த ஒரு ஓம் அடுத்த புதன்கிழமைக்கு முன்னம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. சொன்னவள் நான்.

அந்தப் புதன்கிழமை மருமகள் லின் அக்காவை ஏற்றவில்லை. அவர் இரண்டு பஸ் மாறித் தானாக வந்தார், கையில் எட்டுப் பை. ஒவ்வொரு மேசையாய்ப் போனார். “இண்டைக்கு வேண்டாம் அக்கா, பிரிட்ஜ் நிறைஞ்சு போச்சு.” “நோ தாங்ஸ், டொக்டர் வேண்டாமெண்டவர்.” ஒருவர் கையை வாங்கிப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். என் மேசைக்கு மட்டும் அவர் வரவில்லை. எனக்குச் சங்கடம் தரக்கூடாது என்றுதான் வரவில்லை, எனக்குத் தெரியும். எட்டுப் பையும் எட்டாகவே திரும்பிப் போயின. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. “வராதது நல்லது” என்று அன்றைக்கு ஒரு குரல் சொன்னது. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து இரத்தம் எடுக்கிற இடத்தில் தமிழ் கதைக்கிற ஒரு தாதி வந்தாள். கீரை தொடவே கூடாதோ என்று மெல்லக் கேட்டேன். “ஆர் அன்ரி சொன்னது? சாப்பிடலாம். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு சாப்பிடவேணும், எங்களுக்குச் சொல்லவேணும். நாங்கள் அதுக்கேற்ற மாதிரிக் குளிசையைப் பாப்பம்” என்றாள். “ஒரு சின்னக் கோப்பை?” என்று கேட்டேன். “ஓம், ஒவ்வொரு நாளும் அதே கோப்பை.”

லின் அக்கா சொன்ன சொல்லை அப்படியே அந்தப் பிள்ளை சொன்னது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் முதலில் டொக்டரைக் கேள் என்றிருப்பார். டொக்டர் ஒரு கோப்பை என்றிருப்பார். அவ்வளவு சின்ன விசயம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஜூட்டிடம் சொல்லியிருக்கலாம். இரவு சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டான், புட்டு என்றேன். ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட, அடுத்த நாள் சொல்லுவது இன்னும் கஷ்டமாகியது. வீட்டுக் கதவுகளுக்காவது சத்தம் போட ஒரு குரல் இருந்தது. நான் எனக்குள் போட்ட பூட்டுக்கு அதுவும் இல்லை.

கடைசியாய் அவரைக் கண்டது போன மாசி மாதம். நான் மேல்மாடி யன்னலில். அவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். நன்றாய் மெலிந்து, முகம் மஞ்சளாய்ப் போயிருந்தது. என்னைக் கண்டு பனி தள்ளுகிற சவளில் சாய்ந்து நின்றார். வலது விலாவில் கையை வைத்து, எங்கள் வீட்டைக் காட்டி, நாடியை உயர்த்தினார். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார். எந்த மனுசனைக் கெடுத்ததாய்ப் பெயர் வாங்கினாரோ அந்த மனுசனைச் சுகம் கேட்கிறார். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் பனியைத் தள்ளினார். யன்னலைத் திறக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? திறக்கவில்லை.

செத்தவீட்டு மண்டபத்துக்கு ஜூட்தான் கூட்டிப்போனான். “போகத்தான் வேணும். கடைசியில தெரியாமச் செய்ததுதானே” என்றான். கார் நிறுத்தி, சாவியைக் கழற்றினான். நான் பெல்ட்டைக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கோப்பை, இரத்தம் எடுக்கிற நாள், விரல்கள், எல்லாம்.

“மூண்டு தரம் கேட்டவவோ?”

“ஓம்.”

“நீங்கள் இல்லையெண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

அவன் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். “நான் அந்த மனுசியின்ர வாசல்ல நிண்டு என்னெல்லாம் சொன்னனான் அம்மா.” பிறகு, “ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்றான்.

“சொன்னா அப்பாவை என்னட்ட விடுவியோ?”

விட்டிருக்கமாட்டான். அது அவனுக்கும் தெரியும். “இறங்குங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும். நான் பக்கத்தில நிக்கிறன்” என்றான்.

ஜெனியின் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். “யுவர் மம், நோ மிஸ்ரேக். மை மிஸ்ரேக்.” அவள் விளங்காமல் ஜூட்டைப் பார்த்தாள். அவன் நீளமாய் விளங்கப்படுத்தினான். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. அவளுடைய தாய் வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. புதன்கிழமை ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, பஸ் ஏறக் கால் நோகிறது என்று சொன்னாராம். இன்னொன்றும் ஜெனி சொன்னாள். லின் அக்காவுக்குத்தான் ஈரலில் வருத்தம், இருபது வருசமாய். ஒவ்வொரு நாள் காலையும் டொக்டர் தந்த குளிசையைப் போட்டுவிட்டுத்தான் கீரைக் கோப்பையைத் தொடுவாராம். ஈரல் சந்தோசப்படும் என்றுதான் அவர் எப்போதும் சொன்னார். சுகமாகும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை நானாகக் கேட்டுக்கொண்டேன்.

ஜெனி என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. என்னை நன்றாய்ப் பார்த்துவிட்டு, அடுத்ததாய் வந்தவர்களிடம் போனாள். அது நியாயம்.

இப்போது இவருடைய குளிசைப் பெட்டி மருமகளிடம் இருக்கிறது. நான் பயந்தது நடந்துவிட்டது. கிழமையில் மூன்று நாள் ஒரு பிள்ளை வந்து இவரைப் பார்க்கிறாள், நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவு திறந்தால் சுவர் இன்னும் கத்துகிறது. சொல்லிவிட்டதால் வாழ்க்கை திறந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமைக் கூட்டத்து ஆட்களே, எட்டுப் பையைத் திருப்பி அனுப்பினவர்களே, லின் அக்காவின் கீரையில் பிழை இல்லை. உங்களில் யாருடைய உடம்புக்கும் அவர் தீங்கு நினைத்ததில்லை. இதை வாசித்த பிறகு என்னோடு கதைக்க விருப்பம் இல்லாவிட்டால் விடுங்கள். நான் வந்து என் மேசையில் இருப்பேன்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது ஒன்றுதான். என் மகன் முன்னால் தலை குனிந்து அவர் சொன்ன அந்த “மை மிஸ்ரேக்.” அது என்னுடையது. ஒரு வருசமும் நாலு மாதமும் அவர் அதை எனக்காகச் சுமந்தார், தன் பிள்ளைக்கும் காட்டவில்லை. இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பாரமாய்த்தான் இருக்கிறது. யாரிடமும் கொடுக்கமாட்டேன்.